தரங்கம்பாடி புது எருசலேம் சபை: ஐயர் யாருன்னு யாரு முடிவு பண்ணாங்க?

எங்க வீட்டுப் பக்கம் "ஐயர் வந்திருக்காரு"ன்னு சொன்னா பூணூல் போட்டவர் இல்ல, சபை குருவானவர். அவரு சம்சாரம் ஐயரம்மா. லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த புரொட்டஸ்டன்ட்) வீடுகள்ல இது அவ்வளவு சாதாரணமான வார்த்தை, வெளிய போய் மாட்டிக்கிட்டா தான் தெரியும். காலேஜ் ஹாஸ்டல்ல ஒருநாள் போன்ல அம்மாகிட்ட "ஐயருக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாமா?"ன்னு கேட்டேன், பக்கத்து கட்டில் பையன் எழுந்து உக்காந்து "ஏன்டா, ஐயருக்கெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் வருமா"ன்னான். அவனுக்கு விளக்கி முடிக்கறதுக்குள்ள மெஸ் மூடிட்டான்.

ஆனா அந்தக் கேள்வி சும்மா விட்டுட்டுப் போற கேள்வி இல்ல. ஐயருக்கு ட்ரான்ஸ்ஃபர் போடறது யாரு? சபைக்கு யாரு ஐயரா வரணும்னு முடிவு பண்றது யாரு? இத வச்சுக்கிட்டே ஒரு சின்ன ஊர் சபையோட கதைய மொத்தமா பாத்தா என்னன்னு தோணுச்சு. தரங்கம்பாடிய எடுத்துக்கிட்டேன். இந்தியாவுலயே லுத்தரன் சபைன்னா அதுதான் மூத்தது, காகிதத்துல எல்லாம் பதிவு இருக்கு, ஊரும் சின்ன ஊரு, ஒரு வீதியில ஆரம்பிச்சு அடுத்த வீதியில முடிஞ்சிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தரங்கம்பாடின்னாலே எல்லாரும் சீகன்பால்க் ஐயர்ல ஆரம்பிச்சு சீகன்பால்க் ஐயர்லயே முடிச்சிடறாங்க. அச்சுக்கூடம் கொண்டுவந்தாரு, புதிய ஏற்பாடு போட்டாரு, 36 வயசுல செத்துப்போயிட்டாரு, முடிஞ்சது. அவர் பெரிய ஆள்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவரு போனப்புறம் 300 வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல அந்தக் கோயிலுக்கு வந்து உக்காந்தவங்க கதை எங்க?

மொதல்ல ஊரு

1620ல டென்மார்க் கப்பல்படைத் தளபதி ஓவே கெத்தே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு இந்த இடத்த வாங்குனாரு. கடலைப் பாத்த மாதிரி டான்ஸ்போர்க் கோட்டை. கோட்டைக்கு முன்னாடி ராஜ வீதி. அந்த வீதியில 1701ல சீயோன் கோயில் கட்டுனாங்க, டேனிஷ்காரங்க தங்களுக்குக் கட்டிக்கிட்டது. ஊர்ல இருக்கற தமிழ் ஜனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. டேனிஷ் கிழக்கிந்திய கம்பெனிக்காரன் மிளகு வாங்க வந்தவன், அவனுக்கு எவன் என்ன சாமி கும்பிட்டா என்ன, வியாபாரம் நடந்தா போதும். மதம் மாத்தறேன்னு எவனாவது வந்து ஊரைக் கெடுத்தா தஞ்சாவூர் ராஜா கோவப்படுவாருன்னு பயம் வேற.

இந்த நெலமையிலதான் டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக் மிஷனரி அனுப்பறேன்னு கெளம்புனாரு. டென்மார்க்ல ஆள் கிடைக்கல, ஜெர்மனியில ஹாலே ஊர் பக்திமான்கள் கூட்டத்துல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. பார்த்தொலொமேயு சீகன்பால்கு, ஹெய்ன்ரிக் புளுட்சோ. 1705 நவம்பர் கடைசில கெளம்பி, சோபியா ஹெட்விக் கப்பல்ல ஏழு மாசத்துக்கு மேல ஆடி அசைஞ்சு, 1706 ஜூலை 9ந் தேதி தரங்கம்பாடி கரைக்கு வந்து சேந்தாங்க. மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயசு முடியுது. பொறந்தநாளுக்கு முந்தின நாள் வந்து எறங்குன பையனை கவர்னர் ஹாசியுஸ் மணிக்கணக்கா காக்கவச்சாரு, அப்புறம் யாரு உங்கள அனுப்புனது, இங்க என்ன வேலன்னு கேட்டுட்டு நடு பஜார்ல நிறுத்திட்டுப் போயிட்டாரு.

ஆரம்பத்துலயே பாருங்க. ராஜா அனுப்பறாரு, கம்பெனி வேணாங்குது, ஆள் ஜெர்மன்காரன், குருப்பட்டம் குடுத்தது கோபன்ஹேகன், மனசு ஹாலேயில. பின்னாடி லண்டன்ல இருந்து ஆங்கிலிக்கன் சங்கம் ஒண்ணும் பணம், அச்சு எயந்திரம்னு உதவ வந்துச்சு. ஒரு ஐயருக்கு எத்தன முதலாளி. இதுல சபைன்னு ஒண்ணு இன்னும் பொறக்கவே இல்ல.

மணல்ல எழுதுன ஐயர்

சீகன்பால்க் தமிழ் கத்துக்கிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு வயசான வாத்தியாரோட திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைச்சு, பிள்ளைங்களோட பிள்ளையா தரையில உக்காந்து மணல்ல விரலால எழுதிப் பழகுனாரு. அழகப்பன்னு ஒருத்தர் மொழிபெயர்ப்பாளரா கூட இருந்தாரு, அவருக்கு ஐரோப்பிய மொழிகள் தெரியும். ஒருநாள் எப்படிப் போகும்னு சீகன்பால்கே கடுதாசியில எழுதியிருக்காரு. காலைல ஏழுல இருந்து எட்டு வரைக்கும் முன்னாடி குறிச்சுவச்ச சொல்லயெல்லாம் திருப்பிச் சொல்லிப் பாக்கறது, எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இதுவரை படிக்காத தமிழ்ச் சுவடி, பக்கத்துல ஒரு வயசான புலவர், புதுச் சொல் வந்தா குறிச்சுக்க ஒரு எழுத்தர், மத்தியானத்துல திரும்ப மூணுல இருந்து அஞ்சு, ராத்திரி கண்ணு வலிக்கும்னு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேக்கறது. எம்.ஏ. தமிழ் படிச்ச நானே இவ்வளவு ஒழுங்கா படிச்சதில்ல.

1707 மே மாசம் மொத ஞானஸ்நானம். அஞ்சு பேரு, டேனிஷ்காரங்க வீட்டு அடிமைகள். இத கொஞ்சம் நின்னு யோசிக்கணும். சபையோட மொத அங்கத்தினர்கள் தனக்குன்னு ஒரு தீர்மானம் எடுக்கற நிலைமையில இல்லாதவங்க. ஆகஸ்ட் 14 அன்னிக்கு சின்னதா ஒரு கோயில், தங்களோட சம்பளப் பணத்துலயே கட்டுனது, பேரு புது எருசலேம். தமிழ்லயும் போர்ச்சுகீசிலயும் ஆராதனை, ஏன்னா ஊர்ல கலப்புக் குடும்பங்களும் வீட்டு வேலக்காரங்களும் போர்ச்சுகீஸ் பேசுனாங்க. செப்டம்பர் 5ல தமிழ் ஆட்கள் ஒம்போது பேரு. அப்படித்தான் சபை ஆரம்பிச்சது. ஐரோப்பாவுல இருந்து பணம் வந்தா எல்லாம் சரியாயிடும்னு காத்துக்கிட்டிருந்தா, வந்த பணப்பெட்டி கப்பல்ல இருந்து கரைக்கு எறக்கும்போது கடல்ல விழுந்துடுச்சு. தரங்கம்பாடி அலை அப்படி, இன்னிக்கும் அங்க குளிக்க எறங்க யோசிப்பாங்க.

அம்பட்டர் வீட்டு விதவை

இந்த சபைக் கதையில எனக்கு ரொம்ப முக்கியமா படற சம்பவம் 1708ல நடந்தது. செத்துப்போன ஒரு அம்பட்டரோட விதவை. அவரு உயிரோட இருந்தப்ப ஒரு கத்தோலிக்கரோட கொடுக்கல் வாங்கல், அந்த ஆளு கம்பெனியில மொழிபெயர்ப்பாளரா வேல பாத்தவர். இந்தப் பொம்பளைக்கு நியாயம் கிடைக்கல. சீகன்பால்க் தலையிட்டாரு, ஒருதடவ இல்ல, திரும்பத் திரும்ப. கடைசியில அந்தம்மாகிட்ட, நீ போய் டேனிஷ்காரங்க கோயில்ல கவர்னர் முன்னாடி மண்டிபோட்டு முறையிடுன்னு சொல்லிக்குடுத்தாரு.

நெனச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை, சீயோன் கோயில், மொத வரிசையில கவர்னர், பின்னாடி மொத்த வெள்ளைக்கார ஊரு. நடுவுல ஒரு தமிழ் விதவை வந்து மண்டிபோடறதுன்னா கவர்னருக்கு எப்படி இருக்கும். ஹாசியுஸுக்கு வந்த கோவத்துல சீகன்பால்க்கை கோட்டையில கொண்டுபோய் அடைச்சாரு, நவம்பர்ல போட்டு நாலு மாசம் கழிச்சுதான் வெளிய விட்டாரு. மொதல்ல பேனா மை கூட குடுக்கல, எழுதறதுதான் அவரு ஆயுதம்னு கவர்னருக்குத் தெரிஞ்சிருக்கு.

என் பார்வையில சபைன்னு ஒண்ணு உண்மையில உருவானது அந்த நாலு மாசத்துலதான். நம்ம பக்கம் நின்னதுக்காக ஒரு ஐயரு உள்ள போயிருக்காருன்னு ஜனங்க பாத்தாங்க. பெரிய பெரிய புஸ்தகம் எழுதுனத விட அந்த ஒரு விதவை கேஸ்தான் அவரை ஊருக்கு ஐயரா ஆக்குச்சுன்னு நான் சொல்வேன். யாரும் ஒத்துக்க வேண்டாம்.

கட்டாதேன்னு கடுதாசி, கட்டி முடிச்ச கோயில்

அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு (1715), பொறையாறுல காகித ஆலை இதெல்லாம் நெறைய எடத்துல இருக்கு, நான் திருப்பிச் சொல்லல. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஹாலேயில இருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெருசா இருந்துச்சு, காகிதம் கட்டுப்படியாகல, லண்டன் சங்கம் அனுப்புன சீஸ் பெட்டியில இருந்த ஈயத்த உருக்கி சின்ன எழுத்தா வார்த்துக்கிட்டாங்க. சீஸ்காக வந்த ஈயத்துல தமிழ் எழுத்து.

கடல் பக்கம் இருந்த மொத கோயிலு தாக்குப்பிடிக்கல. 1717 பிப்ரவரி 9 அன்னிக்கு ராஜ வீதியில புதுசா அஸ்திவாரம் போட்டாங்க, 1718 அக்டோபர் 11ல பிரதிஷ்டை. இன்னிக்கு நாம பாக்கற கோயிலு அதுதான். சிலுவை வடிவம், முகப்புல கிரீடத்தோட ராஜாவோட பேரெழுத்து, 1718ன்னு வருஷம்.

வேடிக்கை என்னன்னா, முகப்புல ராஜா முத்திரை வச்சு கோயில் எழும்பிக்கிட்டு இருக்கு, அதே ராஜா கோபன்ஹேகன்ல 1714ல ஆரம்பிச்ச மிஷன் ஆபீஸோட செக்ரட்டரி வென்ட்னு ஒருத்தர், கோயிலு கட்டறது பள்ளிக்கூடம் நடத்தறது கல்யாணம் பண்ணிக்கறது எல்லாம் எதுக்கு, அப்போஸ்தலர் மாதிரி கையில ஒண்ணும் இல்லாம சுத்தி பிரசங்கம் பண்ண வேண்டியதுதானேன்னு கடுமையா எழுதி அனுப்பறாரு. தரங்கம்பாடிய கண்ணால கூட பாக்காத மனுஷன். சீகன்பால்க் அப்ப ஏற்கனவே சீக்குல இருந்தாரு. 1719 பிப்ரவரி 23ல போயிட்டாரு. கூட இருந்த கிருண்ட்லர் ஐயர் 1720 மார்ச்சுல போயிட்டாரு. அந்தக் கடுதாசிதான் ரெண்டு பேரையும் சீக்கிரம் முடிச்சதுன்னு மிஷன் வரலாறு எழுதுனவங்களே சொல்லியிருக்காங்க, வென்ட்டையும் பின்னாடி வேலையில இருந்து எடுத்துட்டாங்க. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஃபீல்டுல இருக்கறவனுக்கு மெமோ அனுப்பற ஆளு எல்லா காலத்துலயும் உண்டு போல.

ரெண்டு பேரையும் அந்தக் கோயிலுக்குள்ளயே பலிபீடத்துக்கு முன்னால அடக்கம் பண்ணாங்க. சீகன்பால்க் போகும்போது சபையில சுமார் 250 பேரு.

ஆரோன் ஐயரும், ஐயர் ஆகாத ராஜநாயக்கனும்

இந்த எடம்தான் நான் எழுத உக்காந்ததுக்குக் காரணம், கொஞ்சம் நீளமா போகும்.

வெள்ளைக்கார ஐயர்மார் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்தாங்க, ஷூல்ட்சே, வால்தர், பிரெசியர்னு. சபை தரங்கம்பாடிக்கு வெளிய, தஞ்சாவூர் ராஜ்ஜியத்துக்குள்ள பரவுது. ஆனா தஞ்சாவூர் எல்லைக்குள்ள வெள்ளைக்காரன் நெனச்ச நேரத்துக்கு காலு வைக்க முடியாது. மாயவரம் பக்கம் ஒரு வீட்ல குழந்தை பொறந்தா ஞானஸ்நானம் குடுக்க யாரு போறது? சாகக் கெடக்கற கெழவிக்கு நற்கருணை யாரு கொண்டு போறது? உபதேசியார் போகலாம், ஜெபம் பண்ணலாம், ஆனா சாக்கிரமந்து குடுக்க குருப்பட்டம் வேணும். அப்ப ஒரு தமிழனுக்கு குருப்பட்டம் குடுத்தே ஆகணும். எல்லைக்கு அந்தப்பக்கம் போக ஆளு இல்லங்கற நெருக்கடி இல்லாம இருந்திருந்தா இன்னும் எத்தன வருஷம் தள்ளிப் போட்டிருப்பாங்களோ.

ஆறுமுகம்னு கடலூர்ல ஒரு வேளாள வியாபாரி வீட்டுப் பிள்ளை. 1718ல சீகன்பால்க் கையால ஞானஸ்நானம் வாங்கி ஆரோன்னு பேரு வச்சுக்கிட்டாரு. பள்ளிக்கூட வாத்தியாரா, உபதேசியாரா இருந்து, 1733 டிசம்பர் 28ந் தேதி குருப்பட்டம். இந்தியாவுல மொத தமிழ் லுத்தரன் ஐயரு. சபை ஆரம்பிச்சு 26 வருஷம் ஆயிருந்துச்சு. மாயவரம் பக்கத்த அவர்கிட்ட குடுத்தாங்க, நடந்தே சுத்துனாரு, 1745ல காலமானாரு. எங்க பாட்டி ஊர் அந்தப் பக்கம்தான், ஆரோன் ஐயர் நடந்த வழியிலதான் எங்க கொள்ளுத்தாத்தா குடும்பம் கிறிஸ்தவமாச்சுன்னு பாட்டி சொல்லும். ஆதாரம் ஒண்ணும் இல்ல, பாட்டி சொன்னா நான் என்ன பண்றது.

இப்ப ராஜநாயக்கன். இவரு தஞ்சாவூர் ராஜா படையில வேல பாத்தவர், பிறப்புல கத்தோலிக்கர், பறையர் சமூகம். தரங்கம்பாடியில அச்சடிச்ச சுவிசேஷப் புஸ்தகம் எப்படியோ கைக்கு வந்து, படிச்சு, படிச்சதப் பேச ஆரம்பிச்சு, 1720கள் கடைசியில லுத்தரன் சபைக்கு வந்துட்டாரு. படை வேலைய விட்டுட்டு உபதேசியார் ஆனாரு. தஞ்சாவூர்ப் பக்கம் எவ்வளவோ குடும்பம் அவரு பேச்சுல வந்தது. யாரும் பாத்து எடுத்து வளத்த ஆளு இல்ல, அச்சுப் புஸ்தகத்தைப் படிச்சுத் தானா வந்தவரு. எதுக்காக சீகன்பால்க் அச்சுக்கூடம் வச்சாரோ அதுக்கு இதைவிட பெரிய சாட்சி கிடைக்காது.

1741ல ரெண்டாவது தமிழ் ஐயர் தேவைப்பட்டப்ப ராஜநாயக்கன் பேரு பேசப்பட்டுது. மிஷனரிமார் அவரைப் பத்தி நல்லாத்தான் எழுதி வச்சிருக்காங்க, திறமை இருக்கு, பக்தி இருக்கு, ஜனங்க மதிக்கறாங்க. ஆனா பறையர் கையால நற்கருணை வாங்க மத்த சாதிக் கிறிஸ்தவங்க மனசார ஒத்துக்க மாட்டாங்க, அவங்க வீட்டுக்குள்ள இவரு போறதும் கஷ்டம். அதனால பட்டம் தியோகு ஐயருக்குப் போச்சு. ராஜநாயக்கன் உபதேசியாராவே இருந்தாரு, 1771ல சாகற வரைக்கும், 40 வருஷத்துக்கு மேல.

இத படிச்சப்ப எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. கோபன்ஹேகன் தடுக்கல, ஹாலே தடுக்கல, கவர்னர் தடுக்கல. தடுத்தது சபை. அதுவரைக்கும் ஐயர் யாருங்கற விஷயத்துல சபைக்கு வாயே கிடையாது, எல்லாம் மேல இருந்து வரும். சபை மொதமொதல்ல தன் குரல காட்டுன எடம் இது, காட்டுனது இதுக்கு. மிஷனரிமாரும் ராஜா கூட, கவர்னர் கூட சண்டை போட்டவங்க, இந்த விஷயத்துல சபை கூட சண்டை போடல. கோயிலுக்குள்ள அப்பவே சாதிவாரியா தள்ளித் தள்ளித்தான் உக்காந்தாங்க. சிலுவை வடிவக் கோயிலுக்கு நாலு கை இருக்கே, பிரிஞ்சு உக்கார ரொம்ப வசதி.

அந்தக் காலத்துல வேற வழியில்லன்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கலாம். ஆனா சீகன்பால்க் ஒரு விதவைக்காக நாலு மாசம் ஜெயில்ல இருந்து 33 வருஷம்தான் ஆயிருந்துச்சு.

செடியும் சிப்பியும்

1750ல சுவார்ட்ஸ் ஐயர் வந்தாரு, 12 வருஷம் தரங்கம்பாடியில இருந்துட்டு திருச்சி, தஞ்சாவூர்னு போயிட்டாரு. தஞ்சாவூர் ராஜாவுக்கே வேண்டப்பட்டவரா ஆனது வேற பெரிய கதை. பப்ரிசியுஸ் ஐயர் 1740ல வந்து ரெண்டே வருஷத்துல மெட்ராஸ் போயிட்டாரு. இன்னிக்கும் நாம பாடற ஞானப்பாட்டு பலதுக்கு அவரு கைதான் காரணம். அதாவது தரங்கம்பாடி ஒரு ட்ரெயினிங் சென்டர் மாதிரி ஆயிடுச்சு. நல்ல ஐயரு வருவாரு, தமிழ் கத்துக்குவாரு, பெரிய ஊருக்குப் போயிடுவாரு. கிராமத்து ஸ்கூல்ல வாத்தியார் வந்து சேந்து டவுனுக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்கற மாதிரியே.

அந்த நூற்றாண்டு கடைசில ஐரோப்பாவுலயே பக்தி அலை அடங்கி பகுத்தறிவு காத்து அடிச்சுது. வந்த ஐயர்மாரும் அதுக்கேத்தவங்க. ஜான் ஐயர் 1771ல வந்தாரு, பாம்பு, மீன், சிப்பின்னு சேத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாரு. ரோட்லர் ஐயர் செடி செடியா காயவச்சு ஒட்டி வச்சாரு. 'டிரான்குபாரிகா'ன்னு அறிவியல் பேரு வச்ச ஒரு புறாவே இருக்கு, டிரான்குபார்ங்கறது தரங்கம்பாடிக்கு ஐரோப்பியர் சொன்ன பேரு. அவங்களக் குறை சொல்ல எனக்கு மனசு வரல, ஜான் ஐயர் ஊர் பிள்ளைங்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வச்சதும் அதே கையால்தான். ஆனா சபை தேஞ்சுது. 1808ல இருந்து 1815 வரைக்கும் இங்கிலீஷ்காரன் ஊரையே பிடிச்சு வச்சிருந்தான். கடைசி மூத்த ஐயர் கெம்மரர் 1837ல போனப்ப பாத்துக்க பெருசா யாரும் இல்ல.

1845ல டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேத்து பன்னெண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துடுச்சு. ஊர் கைமாறுது, கோட்டை கைமாறுது. சபை யாருக்கு?

லைப்ஸிக் வந்ததும், சாதி மறுபடி வந்ததும்

சபைய ஜெர்மனிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. டிரெஸ்டன்ல ஆரம்பிச்சு 1848ல லைப்ஸிக் ஊருக்கு மாறுன மிஷன். அவங்க மொத ஆளு கார்டெஸ் ஐயர், 1840கள் தொடக்கத்துலயே தரங்கம்பாடிக்கு வந்து உக்காந்துட்டாரு. இடிஞ்சு கெடந்த சபை திரும்ப எழுந்தது இவங்க காலத்துலதான், அத மறுக்க முடியாது.

ஆனா எழுந்ததுக்குப் பின்னால இன்னொரு காரணமும் உண்டு, சபை விழா மலர்கள்ல இது வராது. 1833ல கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி இருக்கவே கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. தஞ்சாவூர், மெட்ராஸ் பக்கம் வேளாளக் கிறிஸ்தவங்க கொதிச்சுப்போய் வெளிய வந்தாங்க. எங்க போறது? லைப்ஸிக் ஐயர்மார் சாதிங்கறது சமூக வழக்கம், அத அதட்டி ஒழிக்க முடியாது, சுவிசேஷம் உள்ள போனா கொஞ்சம் கொஞ்சமா கரையும்னு சொல்ற கட்சி. மிஷன் டைரக்டர் கார்ல் கிரால் 1849ல வந்து சில வருஷம் இங்க இருந்து தமிழ் படிச்சு, பின்னாடி திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்த பெரிய அறிஞர், அவரே இந்தக் கட்சிதான். வெளிய வந்த குடும்பங்கள் கணிசமா இங்க வந்து சேந்தது.

எல்லா லைப்ஸிக் ஐயரும் இதுக்குத் தலையாட்டல. ஓக்ஸ் ஐயர்னு ஒருத்தர் இது தப்புன்னு சண்டை போட்டு மிஷனை விட்டே வெளிய போயி, கடலூர் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்துல தனியா வேல ஆரம்பிச்சாரு. டேனிஷ் மிஷன்காரங்க அவரோட சேந்தாங்க, அதோட வழியில வந்ததுதான் இன்னிக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபை. நம்மாளுங்க பலருக்கு தமிழ்நாட்ல எதுக்கு ரெண்டு மூணு லுத்தரன் சபைன்னே தெரியாது. ஒரு பிரிவுக்காவது காரணம் இது.

கிரால் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுதான்னு பாக்கணும்னா ஏதாவது சபையில கல்யாணப் பேச்சு நடக்கற வீட்ல ஒரு அரைமணி நேரம் உக்காந்து பாருங்க.

யுத்தம் குடுத்த பிஷப்

1914ல மொதல் உலக யுத்தம். இங்கிலீஷ் ராஜ்ஜியத்துல ஜெர்மன் ஐயர்னா எதிரி நாட்டுக்காரன். அடைச்சாங்க, திருப்பி அனுப்பினாங்க. ஸ்வீடன் சபை மிஷன்காரங்க பொறுப்ப ஏத்துக்கிட்டாங்க. இனிமே ஒரு வெளிநாட்டு மிஷனை மட்டும் நம்பி உக்கார முடியாதுன்னு புரிஞ்சு 1919 ஜனவரி 14ல தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையா உருவாச்சு. பேரு தமிழ், மொத பிஷப் ஹெய்மன் ஸ்வீடன்காரர், 1921. அடுத்து பெக்செல், அவரும் ஸ்வீடன். 1934ல சாண்டெகிரன், அவங்க குடும்பமும் ஸ்வீடன்தான்.

ஆனா பிஷப்போட பட்டம் தரங்கம்பாடி பேர்ல. ஆபீஸ் திருச்சியில, பேரு தரங்கம்பாடி பேராயர், வீட்டுக்குப் பேரும் தரங்கை வாசம். புது எருசலேம் கோயில்தான் அவருக்குத் தாய்க்கோயில். குருமார் படிக்க 1927ல தரங்கம்பாடியிலயே ஆரம்பிச்ச குருகுலமும் அப்புறம் சென்னை கீழ்ப்பாக்கத்துக்குப் போயிடுச்சு. ஊர்ல இருந்து ஒண்ணொண்ணா கெளம்பிப் போச்சு, பேரு மட்டும் மிச்சம். மாயவரத்துல இருந்து வந்த ரயிலையும் 1986ல நிறுத்திட்டாங்க.

1956 ஜனவரி 14ல ராஜா மாணிக்கம் பிஷப் ஆனாரு. இந்தச் சபையோட மொத தமிழ் பிஷப். கப்பல் வந்து 250 வருஷம் ஆக ஆறு மாசம் பாக்கி. ஆரோன் ஐயருக்கும் மாணிக்கம் பிஷப்புக்கும் நடுவுல 222 வருஷம், தமிழன் ஐயர் ஆகலாம், ஐயர்மாருக்கு மேல ஆக முடியாதுங்கற காலம். பொறையாறுல இருக்கற டி.பி.எம்.எல். காலேஜ்ல நடுவுல வர்ற 'எம்' அவரு பேருதான், அங்க படிச்ச எங்க சொந்தக்காரப் பையனுக்கே அது தெரியல.

போன தடவ போனப்ப

போன தை மாசம் பொறையாறுல ஒரு கல்யாணம், சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணி வெயில்ல தரங்கம்பாடி போனேன். கோயில் பூட்டி இருந்துச்சு. கோயில்பிள்ளை (கோயிலப் பாத்துக்கறவர்) வீட்ட விசாரிச்சு போனா அவரு சாப்பிட்டு படுத்திருந்தாரு, எழுப்பறதுக்கு சங்கடமா இருந்துச்சு, ஆனா அவரே வந்துட்டாரு. "ஐயா எந்த சபை?"ன்னு கேட்டாரு, சொன்னேன். "அப்ப நம்ம ஆளுதான், வாங்க"ன்னு சாவியை எடுத்தாரு.

உள்ள குளிர்ச்சி. கெட்டியான சுவரு. பலிபீடத்துக்கு முன்னாடி ரெண்டு ஐயரோட கல்லறை. நான் நாலு பக்கமும் பாத்தேன், இந்த நாலு கையில எந்தக் கையில யாரு உக்காந்திருப்பாங்கன்னு. "ராஜநாயக்கன் உபதேசியாருக்கு இங்க ஏதாவது கல்லு இருக்கா அண்ணே?"ன்னு கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அவரு யாரு ஐயா?"ன்னாரு. சொன்னேன். நின்னு கேட்டாரு, முழுசா. அப்புறம் பெஞ்சு மேல இருந்த தூசிய துண்டால தட்டிவிட்டு "இப்ப நம்ம ஐயருங்கள்ல எல்லா ஆளுங்களும் இருக்காங்க ஐயா"ன்னு மெதுவா சொன்னாரு. உண்மைதான், இருக்காங்க.

வெளிய வந்து ராஜ வீதியில ரெண்டு நிமிஷம் நடந்தா சீயோன் கோயில், அம்பட்டர் வீட்டம்மாவை மண்டிபோடச் சொன்ன கோயில். இப்ப அது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையோடது, ஞாயித்துக்கிழமை உக்கார்றது எல்லாம் நம்ம ஜனம்தான். வாசல்ல ஒரு அம்மா பூவரச மர நிழல்ல கருவாடு காயவச்சிருந்தாங்க, கோயில் திறக்குமான்னு கேட்டேன். "ஐயரு மீட்டிங் போயிருக்காரு, நாளைக்கு வாங்க தம்பி"ன்னாங்க.